நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு

1

எங்கள் நிறுவனம் கைக்கடிகாரப் பிரிவை மூடி இன்றோடு பதினொரு நாட்கள். இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும் மென்பொருள் பிரிவில் ஒரு நாற்காலி கிடைத்தது. நாளை காலை அவள் அதில் உட்காருவாள். அந்த ஒருத்தி நானில்லை. இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. வயிற்றெரிச்சல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தயாரிப்பது என்பது எந்தத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும்—'

நிறுத்திவிட்டேன். அதைச் செய்தித்தாள் எழுதும். பிறகு இப்படி:

'அவள் கை அழகாக இருந்தது.'

பொய். சாதாரணக் கை. மோதிர விரலில் ஒரு பழைய தீக்காயம்கூட உண்டு. ஆனால் அலுவலகமே அவளைத் தங்கக் கை என்றுதான் கூப்பிட்டது. கதையிலும் அதுவே இருக்கட்டும்.

2

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தின் அடியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு இருக்கும். தோலுக்குள் ஒளியை அனுப்பி நாடித்துடிப்பை எண்ணும். விற்பனைக்குப் போகுமுன் அதை யாராவது கட்டிப் பார்க்க வேண்டும். அந்த யாராவது நாங்கள்தான். திங்கட்கிழமை ஆளுக்கொன்று தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், தினமும் இரவில் கட்டிக்கொண்டு தூங்கி, வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும்.

என்னுடையது மெலிந்த கை. எப்போதும் சில்லிட்டிருக்கும். (என்னை ஐஸ் என்பார்கள்.) என் கையில் கடிகாரம் ஒரு நிமிடம் நாற்பது என்றது, மறு நிமிடம் நூற்றுத் தொண்ணூறு என்றது. ஒரு நாள் நான் தூக்கத்தில் செத்துப்போய் விடிவதற்குள் பிழைத்துக்கொண்டதாகவும் காட்டியது.

தங்கக் கையின் துடிப்பு வரைபடமோ ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இரண்டாவது வாரத்திலிருந்து தவறாமல், நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு.* மேனேஜர் அதைப் பெரிய திரையில் போட்டு, "இது டேட்டா" என்பார். அடுத்து என்னுடையதைப் போட்டு, "இது குப்பை" என்பார். கடைசியில் அவள் வரைபடத்துக்கு ஒத்துப்போகும்படி கடிகாரத்தைத் திருத்தினார்கள். ஒரே ஆளுக்கு அளவெடுத்து ஊருக்கெல்லாம் சட்டை தைத்த மாதிரி.

* ஐம்பத்திரண்டு என்பது தினமும் ஓடியாடிப் பழகிய உடம்பின் துடிப்பு. தங்கக் கை இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கும்போல என்று நினைத்து அதற்கும் பொறாமைப்பட்டேன்.

3

இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. நல்லவளாக எழுதினால் நான் அற்பமாகத் தெரிகிறேன். கெட்டவளாக எழுதினால், "இதப் போட்டுக்கோடி, கை வெறைச்சுப் போகுது" என்று அவள் வாங்கித் தந்த கையுறை இடிக்கிறது.

அவளிடம் எனக்குப் பொறாமை எதெதில்? சத்தமாகச் சிரிப்பாள். மீட்டிங்கில் பேசுவாள். அவள் கணவர் நீச்சல் சொல்லித்தருபவர். காலையில் அவளை இறக்கிவிட்டு, அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை வருவார். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, நான்.

(கதைக்கு இது தேவையா? அடித்துவிடலாம். இருக்கட்டும்.)

கடிகாரம் கடைகளுக்குப் போனது. சில மாதங்களில் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. மெலிந்த கை, குளிர்ந்த கை, எதிலும் எண் நிற்கவில்லையாம். திரும்பி வந்த வரைபடங்களைப் பார்த்தேன். எல்லாமே என்னுடையதைப் போல இருந்தன. நிர்வாகம் பிரிவையே மூடியது. மிச்சமிருந்த ஒரு நாற்காலி யாருக்கு என்பதில் மேனேஜருக்குச் சந்தேகமே வரவில்லை. "ஒழுங்கா டேட்டா குடுத்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "அவளுக்கு மட்டும் குடுத்தாங்களாமே. நீ வாயத் தொறந்து கேட்டியா?"

"கேட்டேம்மா."

(கேட்கவில்லை.)

4

முடிவுக்கு மூன்று வழிகள் எழுதி வைத்தேன்.

ஒன்றில், புது நாற்காலியில் அவள் திணறுகிறாள். என்னைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். எழுதும்போது இனித்தது. படிக்கும்போது கூசியது.

இன்னொன்றில், நான் அவளை மனதார வாழ்த்துகிறேன். இதை என் அம்மாகூட நம்பமாட்டாள்.

மூன்றாவதில், மேனேஜர் என் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு—

அவர் எடுக்கமாட்டார்.

5

இந்த இடத்தில் கதவு தட்டப்பட்டது. கதையில் இல்லை, என் அறையில். திறந்தால் ஒரு அட்டைப்பெட்டியும் அதன் பின்னால் தங்கக் கையும்.

"என்னடி, உங்க வீட்டுல லிஃப்டே கிடையாதா? உசிரு போயி உசிரு வருது."

பெட்டிக்குள் என் காபிக் கோப்பை, என் சால்வை, அந்தக் கையுறை.

"உன் டிராயரக் காலி பண்ணச் சொன்னாங்க. கண்டவங்க கை வைக்க வேணாம்னு நானே அள்ளிட்டு வந்தேன்." தண்ணீரை மடமடவென்று குடித்தாள். மேசையில் மடிக்கணினி திறந்தே கிடந்தது. "என்னது, அப்ளிகேஷனா?"

"கதைதான்க்கா."

"நான் இருக்கேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் தொலைபேசியில்தான் வரும்.

அவள் படிக்க ஆரம்பித்தாள். நான் செத்துப் பிழைத்த இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "கைப்பிடியப் பிடிச்சு மூச்சு வாங்குவாளாம். கொழுப்புடி உனக்கு." பிறகு சிரிப்பு நின்றது. அடிக்குறிப்பை இன்னொரு முறை படித்தாள். நான் கையுறையை மாட்டிக்கொண்டேன், கழற்றினேன்.

"இந்த மூணு முடிவும் நல்லால்ல" என்றாள்.

"தெரியும்க்கா."

"நாளைக்கு நான் அங்க போயி உக்காரணும்."

"ம்."

"மொத வாரம் உன் கிராஃபப் போட்டு குப்பைன்னாரே, ஞாபகம் இருக்கா? நீ தலையே தூக்கல. அன்னைக்கு என் பையில இருந்த வாட்ச்ல என்ன இருந்துச்சு தெரியுமா? உன்னோடத விட மோசம். அத நான் குடுக்கவே இல்ல, சார்ஜ் போடல, ஒண்ணும் பதிவாகலன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசகரே, முடிவை இங்கேயே உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்து அவள் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். மேனேஜரின் எண் என்னிடம் இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக்குள் நான் அவரைக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உதவிக்கு ஒன்று சொல்கிறேன்: கேட்ட பிறகும் என் பொறாமை போகவில்லை. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

"அது என் கையே இல்லடி. தினமும் அவரு தூங்கினப்புறம் அவரு கையில கட்டிவிட்டுடுவேன்."