வத்தகப்பழம் வெட்டிய வீடு

1

இந்தக் கதை வடை சுற்றிய தாளில் கிடைத்தது. இடம் றக்வான பஸ் நிலையம், ஆண்டு 2004. வத்தகப்பழத்தை, அதாவது தர்பூசணியை, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுக, வெட்டியதைச் சூட்டில் வைக்காதீர் என்று யாரோ அச்சடித்த நோட்டீஸ். மீதியை எண்ணெய் குடித்துவிட்டது. அந்த மீதிதான் இது.

2

தொடக்கம்: மலைமுகட்டில் பனி தவழ்ந்த அந்த இனிய காலையில் விஜயகலா—

வேண்டாம். அவள் பனியைப் பார்க்கவில்லை, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கும் வெல்பெயா ஐயா அந்தனி, நோட்டீஸ் சொன்னபடி நடந்துகாட்டும் மாதிரி வீடாக அவள் வீட்டைத் தெரிவு செய்திருந்தார். கொழும்புப் பெரியவர் வரும்போது, சுத்தமாகக் கழுவி வெட்டிய பழத்தை அவள் மகள் நிரோஷா தின்ன வேண்டும். அதைப் போட்டோ எடுப்பார்கள். பெரியவர் மனம் குளிர்ந்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வரும்.

(குழாயே இல்லாத லயத்தில் ஓடும் நீருக்கு எங்கே போவது என்று அந்தனியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

3

விஜயகலா மலையிலிருந்து பீலியில் வழியும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். புதுத் தேங்காய்த் தும்பால் பழத்தின் தோலைத் தேய்த்தாள். புருஷன் கஜேந்திரன் செம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றான். ஓடும் நீர் அதுதான். கத்திக்கும் பலகைக்கும் கொதிநீர் ஊற்றினாள்.

"இப்பவே வெட்டி அடுக்கிருங்க," என்றார் அந்தனி.

"அவங்க வந்தப்பொறவு வெட்டுறேனுங்க."

"ஜீப்ப விட்டு எறங்குனா தட்டு ரெடியா இருக்கணும்."

வெட்டினாள். பெரியவருக்குப் பலாங்கொடையில் இன்னொரு கூட்டம், அதன்பின் பகல் சாப்பாடு. தகரக் கூரைக்குக் கீழே பழம் வெதுவெதுவென்று ஆகி, தட்டில் நீர் விட்டது.

4

இங்கே விஜயகலா ஒரு வீர உரை ஆற்றினாள். அதை அடித்துவிட்டேன், அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

"ஐயா, பழம் சூடாயிருச்சு. பயமா இருக்குங்க. போன மாசந்தான் வயித்தால போயி, புள்ளைக்கு சேலைன் ஏத்திக் கூட்டியாந்தோம்."

"அது பீலித் தண்ணியாலதானம்மா? கொழா வந்தா அந்தத் தொல்லையே இல்ல. ஒரு துண்டுதானே."

அந்தனி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் சொன்னது உண்மை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருளாயி குடத்தோடு வாசலில் நின்றாள். அவள் காலிக் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டதுதான் விஜயகலாவை அதிகம் வருத்தியது.

5

முடிவுகள் இருக்கின்றன.

அ) தட்டைக் கொட்டிவிடுகிறாள். ஜீப் திரும்பிப் போகிறது. அதன்பின் லயத்தில் அவளோடு யாரும்—

ஆ) நிரோஷா தின்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. குழாய் வருகிறது. (குழாயில் தண்ணீர் வருமென்று நான் சொல்லவில்லை.)

இ) நிரோஷா தின்கிறாள். விடிவதற்குள்— இதை எழுத மாட்டேன். எனக்கும் மகள் இருக்கிறாள்.

ஜீப் வந்துவிட்டது. கேமராக்காரர் குனிந்து, "பாப்பா, ஆ காட்டுங்க," என்கிறார். நிரோஷா அம்மாவைப் பார்த்தபடி வாயைத் திறக்கிறாள். அம்மா என்னைப் பார்க்கிறாள்.

நான் உங்களைப் பார்க்கிறேன். துண்டை நீங்களே எடுங்கள். எடுக்குமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், பீலி கீழே இருக்கிறது.