ஆய்வுக்குப் பத்து மதிப்பெண்

மினசோட்டாவில் ஒரு மருத்துவக் கல்லூரி. அதன் மாணவர் சேர்க்கைக் குழுவில் ஐந்து வருடம் உட்கார்ந்ததில் நுரையீரல் மருத்துவர் லோர்னா வோகலுக்கு ஒன்று புரிந்திருந்தது. இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் புற்றுநோயை ஒழிக்கும் தறுவாயில்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். இடம் கிடைத்ததும் நோய் பிழைத்துக்கொள்கிறது.

அன்று நேர்காணலுக்கு முதலில் வந்தவன் பிரஸ்டன் ஹால்டேன். பதினோரு ஆய்வுக் கட்டுரைகளில் அவன் பெயர் இருந்தது. ஆய்வகம் அவன் சித்தப்பாவுடையது.

“இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்றாள் லோர்னா.

“நாலாவது, டாக்டர்.”

“அதுல என்ன பண்ணீங்க?”

“எலிங்கள வெச்சு... நிறைய பண்ணினோம்.”

நாலாவது கட்டுரை மீன்களைப் பற்றியது.

அடுத்து வந்தவள் ஜனெல் ஓகர்லண்ட். இரண்டு வருடம் ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டுகளில் உயிர்ச் செல்களை வளர்த்து, ஒரே ஒரு கட்டுரையில் பெயர் வாங்கியவள். அந்தக் கட்டுரையையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

“ஏன் வாங்கினாங்க?”

“நான்தான் வாங்கச் சொன்னேன், டாக்டர். ரெண்டு தட்டுக்கு லேபிளை மாத்தி ஒட்டிட்டேன். ஆறு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன்.”

“வேற யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்க. அதான் பயமாயிருந்துச்சு.”

“உங்க புரொபசர் என்ன சொன்னார்?”

“ரெண்டு வாரம் எங்கிட்ட பேசல.”

மாலையில் குழு கூடியது. தலைவர் கார்டன் புரூயிட் ஆய்வுக்கான மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டார். “பையனுக்குப் பத்துக்குப் பத்து. பொண்ணுக்கு சைபர். இருந்த ஒண்ணையும் தானே தொலைச்சிருக்கா.”

“அவன் மீனை எலின்னான், கார்டன்.”

“பதட்டம். ரெண்டும் உயிருள்ளதுதானே.”

லோர்னா விதிப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “வெளிவந்த கட்டுரைகளோட எண்ணிக்கைன்னுதான் போட்டிருக்கு. அவளோடது வெளிவந்துச்சு. திரும்ப உள்ள போனதப் பத்தி இதுல ஒரு வரியும் இல்லயே.”

கார்டன் விதிகளின் பரம பக்தர். மூன்று தரம் படித்துவிட்டு, ஒரு கட்டுரைக்கு உரிய நான்கு மதிப்பெண்ணைப் போட்டார். அந்த நான்கில் ஜனெல் பட்டியலின் கடைசி இடத்தில் ஒட்டிக்கொண்டாள். முதலிடம் பிரஸ்டனுக்கு.

கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டியபோது லோர்னாவுக்கு ஜெயித்த சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. உண்மை பேசிய பெண்ணை உள்ளே கொண்டுவர விதியில் ஓட்டை தேட வேண்டியிருந்ததே என்பதுதான் உறுத்தியது.