தொட்டியில் இறங்கும் வேலை

உபைதுல்லா கண்டெய்னர் யார்டில் சுமை ஏற்றி இறக்கியவன். யார்டை மூடியதிலிருந்து, காலைத் தொழுகை முடிந்ததும் டோல்கேட்டில் போய் நிற்பான். கூலிக்கு ஆள் தேடி வருபவர்கள் கூப்பிட்டால் போவான். பல நாள் யாரும் கூப்பிடாமல் எர்ணாவூர் வீட்டுக்கே திரும்பிவிடுவான்.

அன்று காலை அவன் மனைவி அஜீசா அரிசி டப்பாவை அவன் முன்னால் கவிழ்த்துக் காட்டினாள்.

"நம்ம சாப்பாட்ட அல்லா எழுதி வெச்சிருக்கான் மே. பயப்படாத."

"எழுதுனது எப்போ வரும்? இன்னிக்கும் வேல இல்லன்னு வந்து நிக்காதீங்க."

அவன் படியிறங்கினான். அஜீசா தொழுகை விரிப்பில் உட்கார்ந்து, எதுவானாலும் சரி, ஒரு வேலை கொடு என்று அழுது கேட்டாள்.

மதியம் எதிர்வீட்டு செங்கொடி வந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் சமைப்பவள்.

"காலைல பஸ்ல போவ சொல்ல உன் வூட்டுக்காரர பார்த்தேன். ஒரு வேன்ல ஏறுனாரு."

"அல்ஹம்துலில்லாஹ்! இன்னா வேலக்கா?"

செங்கொடி தயங்கினாள். "வேன்ல ஆள் ஏத்துன மேஸ்திரிய எனக்குத் தெரியும். கெமிக்கல் தொட்டி கழுவ ஆள் எடுக்கிறவன். டபுள் கூலி குடுப்பான். போன மாசம் உள்ள எறங்குன ரெண்டு பேரு மயங்கிட்டாங்க. ஒருத்தன் பொழைக்கல."

அஜீசா செங்கொடியின் போனை வாங்கி அடித்தாள். உபைதுல்லாவின் போன் அணைந்திருந்தது. எந்தத் தொழிற்சாலை என்று யாரிடம் போய்க் கேட்பது?

கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலுக்கு ஓடினாள். மாலை அஸர் தொழுகையில் பாதியில் ஓதல் மறந்துபோனது. காலையில் கேட்ட துஆதான் இப்படிப் பலித்ததா? மறுபடி கேட்கவே நாக்கு பயந்தது.

"யா அல்லா, அந்தக் கூலி வேணாம். பட்டினி கெடக்குறேன். அவர மட்டும் திருப்பிக் குடுத்துடு."

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் உபைதுல்லா வாசலில் வந்து நின்றான். முழங்கால்வரை புழுதி.

"மூணு மணி வரைக்கும் கேட்லயே நிக்க வெச்சாங்க. தொட்டி மூடியத் தொறந்ததுமே நாத்தம் மூக்க அறுத்துச்சு. கட்டிக்கக் கயிறு இல்ல, மூஞ்சிக்கு ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன் மே. எறங்க மாட்டேன்னேன். திரும்ப வேன்லயும் ஏத்தல, மணலிலேர்ந்து நடந்தே வரேன்." தலையைக் குனிந்தான். "வெறுங்கையோட வந்துட்டேன்."

அஜீசா அவன் கன்னத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"கேட்டத குடுத்துட்டான்," என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

குரல் கேட்டு செங்கொடி ஒரு பாத்திரம் நிறைய சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். "எங்க கேன்டீன்ல பாத்திரம் கழுவுறவ நின்னுட்டா. நாளைக்கு என்கூட வரியா? அன்னன்னிக்குக் கூலி."

"வரேன்கா," என்றாள் அஜீசா உடனே.

"நானும் டோல்கேட்டுக்குப் போறேன்," என்றான் உபைதுல்லா.

"போங்க," என்றாள் அஜீசா. "இன்னா வேலன்னு கேட்டுட்டு ஏறுங்க."

தட்டை எடுத்து வைத்து அவனுக்கு முதலில் சோறு போட்டாள்.