கடையின் மூக்கு

இன்னும் ஐந்து பாட்டில்கள்தான் பாக்கி. கடையின் பின்னறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பெரிய கேனில் இருந்த அமிலத்தைப் புனல் வைத்துச் சின்ன பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள் அவள். மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கிறவர்கள், அந்தத் தண்ணீரைச் சரிப்படுத்த இதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு துணியை நாலாக மடித்து முகத்தில் கட்டிக்கொண்டு பத்து நாட்களாக இதே வேலை. கடைசி பாட்டிலை மூடிவிட்டுத் துணியை அவிழ்த்தபோதுதான் உறைத்தது. கேன் திறந்தே கிடக்கிறது, நெடியைக் காணோம்.

கேன் பக்கம் குனிந்தாள். கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. மூக்கு மட்டும் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் சும்மா இருந்தது.

கை கழுவிவிட்டு சோப்பை மோந்தாள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து உள்ளே மூக்கை விட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெங்காயத்தைக் கத்தியால் பிளந்தாள். கண்ணீர் வந்தது, அவ்வளவுதான். மூக்கைச் சிந்திப் பார்த்தாள். சளியாக இருந்தால் அடைக்க வேண்டுமே. மூச்சு அதுபாட்டுக்குத் தாராளமாகப் போய் வந்தது.

"என்னம்மா, உள்ளயே குடித்தனம் பண்றியா?" முன்னாலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். "ஷட்டரைத் தூக்கி அரை மணி ஆச்சு. வந்து தண்ணிய மோந்து பாரு."

கண்ணாடிக் கூரை போட்ட பெரிய பண்ணை ஒன்றில் அவர் ஒன்பது வருடம் அமிலம் கலந்தவர். ஒருநாள் வாசனையே தெரியாமல் போயிற்று. பண்ணை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சும்மா சளி. பத்து நாள்ல சரியாயிடும்" என்றார். இரண்டு வருடமாகியும் ஆகவில்லை. சளியென்றே எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. அதனால்தான் இந்தக் கடை. பாட்டில் ஊற்றுகிற வேலையை மட்டும் அவரைத் தொடவே விடவில்லை அவள். "உங்களுக்குப் போனது போதும்" என்று சொல்லி, கேனைத் தானே பின்னறைக்கு இழுத்துப்போனாள்.

வெளியே வந்தாள். ஜன்னலோரம் நாலு அடுக்குக் குழாய்களில் கீரை பச்சைப்பசேலென்று நின்றது. கடைக்கு வருகிறவர்களை நம்பவைக்க இருப்பது இது ஒன்றுதான். வேர் பழுப்பாவதற்கு ஒரு நாள் முன்பே தண்ணீர் நாறத் தொடங்கிவிடும். அப்போதே மாற்றினால் செடி பிழைக்கும். தினமும் காலையில் அவள் குழாய்களுக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை மோந்து சொன்ன பிறகுதான், தண்ணீரை மேலேற்றும் மோட்டாரை அவர் போடுவார். 'நம்ம கடைக்கு மூக்கே நீதான்' என்பார்.

நேற்று நல்லா இருக்கென்று சொன்னோமே, மோந்துவிட்டுத்தான் சொன்னோமா, வழக்கத்தில் வந்துவிட்டதா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்துக் கடை சைக்கிள்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "மண்ணு என்ன பாவம் பண்ணுச்சுன்னு அதைத் தள்ளி வச்சுட்டீங்க?"

"உள்ள வந்து பாருண்ணே, வேரு எப்படி இறங்கியிருக்குன்னு!" கணவர் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

சைக்கிள்காரரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னால் என்ன? ஏன், உனக்கென்ன ஆச்சு என்று இவர் கேட்பார். கேட்டதும் புரிந்துகொள்வார். அடுத்த நிமிடம் ஷட்டரை இறக்கிவிடுவார். அவள் கீரையில் பழுத்த இலை தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

சைக்கிள்காரர் வேலையைப் பார்க்கப் போனதும் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை வந்து இறங்கினார். பள்ளி மொட்டைமாடிக்கு இதேபோல் அடுக்குக் குழாய்கள் பன்னிரண்டு செட் வேண்டுமென்று போன வாரமே சொல்லியிருந்தவர். இவர் சரியென்றால் கடை பிழைத்துக்கொள்ளும். கணவர் பரபரப்பாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்கார நேரமில்லைங்க. பசங்க பழகுற இடம், அதான் கேக்கறேன். தண்ணி கெட்டுப் போகாதே?"

"கெட்டா முன்னாடியே தெரிஞ்சிடும் மேடம். வாசனையிலயே கண்டுபிடிச்சிடலாம்." அவர் தொட்டி மூடியைக் கழற்றி வைத்தார். "என் வீட்டுக்காரிக்கு அதுல கெட்டிக்கார மூக்கு. நீ பாத்துச் சொல்லும்மா."

அவள் முழங்காலிட்டுக் குனிந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் தன் முகம் தெரிந்தது. ஆழமாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். குளிர்ச்சி மட்டும் மூக்குக்குள் ஏறியது. சும்மா சளி, பத்து நாளில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

"பாத்தீங்களா!" என்று கணவர் மோட்டாரைத் தட்டிவிட்டார். தண்ணீர் சலசலத்துக் குழாய்களில் ஏறியது. அவர் பெருமையோடு தலைமையாசிரியையைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

தலைமையாசிரியை ஓரடி பின்னால் போய், கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.