பதினான்காம் மலைக்குப் போகாத செய்தி

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்த தாளைக் கிழித்தெறிய வேண்டும் என்று ரூபினியின் கை பரபரத்தது. கிழிக்கவில்லை. தேயிலைத் தோட்ட அலுவலகத்தின் கிராணி, அதாவது எழுத்தர், அவள். அந்தத் தாளைத் தட்டச்சு செய்தவளும் அவளே. மருந்து அடித்த மலையில் ஆள்களை இறக்கிய குற்றத்திற்காகக் கங்காணி ரெங்கசாமி வேலைநீக்கம் செய்யப்படலாம் என்னும் வாக்கியத்தை, தோட்ட மேலாளரான துரை சொல்லச் சொல்ல, அவளுடைய விரல்கள்தாம் அடித்தன. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயன் வீடும் போகும். முப்பத்தோராண்டுகள் குடியிருந்த வீடு அது.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலைப் பெரட்டில் பேர்பதிந்து வேலை பிரிக்கையில் ரெங்கசாமி தம் ஆள்களைப் பதினான்காம் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார். முந்தைய நாள் பிற்பகலில்தான் வேறு டிவிஷனின் குத்தகை ஆள்கள் அங்கே பூச்சிமருந்து அடித்துவிட்டுப் போயிருந்தனர். பதினொரு மணிக்குள் ஆறு பெண்கள் வாந்தியெடுத்து வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டனர். மூவர் இன்னமும் மருத்துவமனையில் இருந்தனர். அவர்களுள் ஒருத்தி பாஞ்சாலை, ரெங்கசாமியின் மனைவி.

முன்பெல்லாம் மருந்தடித்த மலையின் முனையில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவது வழக்கம். சாலையோரம் காரை நிறுத்திப் படமெடுப்பவர்களின் கண்ணுக்கு அது அசிங்கமாகத் தெரிகிறது என்று சென்ற ஆண்டு துரை அதை எடுக்கச் சொல்லிவிட்டார். துணியின் இடத்தில் கணினி வந்தது. ஈப்போ நகரத்திலிருந்து வந்த லோகேஸ்வரன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தந்தான். அது நாள்தோறும் மாலை ஐந்தரைக்கு மருந்தடிப்பு அட்டவணையைப் பார்க்கும். ஏதேனும் மலையின் எண் இருந்தால், செய்தி அனுப்பும் வேறொரு புரோகிராமை அழைத்துக் கங்காணிகளின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை அனுப்பச் சொல்லும். மருந்தில்லாத நாளில் செய்தி இல்லை. ஆகவே, செய்தி வராவிட்டால் மலை சுத்தம் என்பது கங்காணிகளின் கணக்கு.

கணினியின் வெள்ளிக்கிழமைப் பதிவில் ‘பெர்ஜாயா’ என்று இருந்தது. வெற்றி என்று பொருள்படும் அந்த மலாய்ச் சொல்லைக் கொண்டுதான் துரை ரெங்கசாமியைக் குற்றவாளியாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ரூபினி அலுவலகத்தைத் திறந்து அந்த ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்தாள். இணையத்தில் பயின்ற அரைகுறைப் பாடம் அவ்வளவிற்குப் போதுமாயிருந்தது. ஒரு வரி அனுப்பும் புரோகிராமை அழைத்தது. அடுத்த வரி ‘பெர்ஜாயா’ என்று எழுதியது. இரண்டுக்கும் நடுவே, போயிற்றா என்று கேட்கும் வரியே இல்லை. அவளுக்கு முகம் சிவந்தது. எதனால் போகாமலிருந்திருக்கும் என்று சுவரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். செய்தியை வெளியே அனுப்பும் மோடம் செருகியிருந்த பிளக்பாயிண்டுக்கு மேலே பிள்ளையார் படம். அதைச் சுற்றிச் சீரியல் பல்புகள். ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து மணிப் பூசைக்கு மோடத்தைப் பிடுங்கிவிட்டுப் பல்புகளைச் செருகுபவள் அவள். சனி காலையில்தான் திரும்ப மாற்றுவாள். மருந்தடிப்பு எப்போதும் புதன்கிழமை. இந்த வாரம் மழை அதை வெள்ளிக்குத் தள்ளியிருந்தது.

அன்றிரவு கோபம் லோகேஸ்வரன்மீதா தன்மீதா என்று அவளால் பிரித்தறிய இயலவில்லை.

விசாரணை தொடங்கியது. நாகரத்தினம் துரை மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தார். லோகேஸ்வரன் கணினி முன்னே. ரெங்கசாமிக்கு நாற்காலி போடப்படவில்லை.

“சிஸ்டம்ல பெர்ஜாயான்னு இருக்கு. நீங்க மெசேஜே வரலன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது?” என்றார் துரை.

“வந்திருந்தா, எம் பொண்டாட்டிய நானே அந்த மலைக்கு அனுப்புவனா, தொரை?”

“அங்கிள், தெரியாம டிலீட் பண்ணிருப்பீங்க லா,” என்றான் லோகேஸ்வரன். “சனிக்கிழம மத்தியானம் நானே டெஸ்ட் பண்ணேன். போச்சு.”

“டிலீட் பண்ணத் தெரிஞ்சா, எம் மச்சான் அனுப்புற குட்மார்னிங் படத்த மொதல்ல அழிச்சிருப்பேன், தம்பி.”

துரை, ரெங்கசாமியின் வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தார். ரூபினி எழுந்துவிட்டாள்.

“லோகேஸ், அந்த ஸ்கிரிப்ட இப்ப ஓட்டுங்க. பதினாலாம் மலைன்னே போடுங்க. கங்காணி மாமா, உங்க போன மேசை மேல வைங்க.” சொல்லிக்கொண்டே சுவரருகே சென்று பிளக்கைப் பிடுங்கினாள். “மோடத்துல பச்ச லைட் அணைஞ்சிருச்சா? தொரை, நீங்களே பாத்துக்குங்க.”

“கரண்ட் இல்லாம எப்டி அனுப்பும்?” என்று சிரித்தான் லோகேஸ்வரன்.

“அதத்தான் நானும் கேக்குறேன். ஓட்டுங்க.”

அவன் துரையைப் பார்த்தான். துரை தலையசைத்தார். விசையை அழுத்தினான். ஓரிரு நொடி கழித்துத் திரையில் அந்தச் சொல் வந்து நின்றது: பெர்ஜாயா. மேசைமேலிருந்த கைப்பேசி அசையவேயில்லை.

லோகேஸ்வரனின் சிரிப்பு மறைந்தது. “அனுப்புற புரோகிராம் வேற ஆளு செஞ்சது. என் ஸ்கிரிப்ட் அத கூப்புடுது, அவ்ளோதான்.”

“கூப்புட்டுட்டு, அது என்னா சொன்னுச்சின்னு கேக்க மாட்டீங்களா? வேலை முடியிறப்ப ஒரு நம்பர் குடுக்குது. சைபர்னா போச்சு, வேற நம்பர்னா போகல. அத நீங்க பாக்கவே இல்ல. மோடம் இல்லன்னு அது கத்துது. அந்தக் கத்தலையும் யாரு கண்ணுலயும் படாம தூக்கிப் போட தனியா எழுதி வச்சிருக்கீங்க.”

“எரர் வந்தா ஆபிஸ்ல பயந்துக்கிட்டு ராத்திரியெல்லாம் போன் பண்றாங்க லா. அதான்.”

“ஆறு பேரு வாந்தி எடுத்தாங்க,” என்றாள் ரூபினி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

துரை கண்ணாடியைக் கழற்றினார். “சரி. வெள்ளிக்கிழம பிளக்க யாரு புடுங்குனது?”

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளும் லயன் வீட்டுக்காரிதான். ரெங்கசாமி அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லாதே என்பதுபோல்.

“நான்தான், தொரை. சாமி லைட்டு போட. வாராவாரம் புடுங்குவேன்.”

துரையின் முகத்தில் தெரிந்த நிம்மதி அவளைச் சுட்டது. “அப்ப தப்பு உன்னோடது.”

“ஆமா. எழுதிக்குங்க. ஆனா கங்காணி பேரு இருக்குற எடத்துல எம்பேர எழுதிட்டு ஃபைல மூடிடாதீங்க. நான் புடுங்குனத அந்தப் பொட்டி ஒளிச்சு வச்சிருச்சு. இவரு எழுதுனது அப்டி. செவப்புத் துணி கட்டியிருந்தா பொட்டி பொய் சொன்னாலும் மலை உண்மையச் சொல்லியிருக்கும். அத எடுக்கச் சொன்னது யாருன்னும் எழுதுங்க.”

துரை, ரெங்கசாமியின் பெயரிருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். “உனக்கு வார்னிங் லெட்டர் வரும்,” என்றார் ரூபினியிடம். துணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

“வரட்டும்,” என்றாள்.

லோகேஸ்வரன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் வழியை மறித்தாள். “உக்காருங்க. அந்த நம்பரப் பாக்குற வரிய எழுதிட்டுப் போங்க.”

அவன் எழுதி முடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதுவே அவளுக்கு மேலும் ஆத்திரமூட்டியது. பிளக் வெளியே கிடக்க, மறுபடி ஓட்டினான். திரையில் சிவப்பெழுத்தில் ‘காகால்’ என்று வந்தது. தோல்வி. கீழே, மோடம் கிடைக்கவில்லை என்ற முறையீடும் முழுதாக வந்தது.

ரெங்கசாமி அதைப் பார்க்க நிற்கவில்லை. ஸ்டோருக்குப் போய்ப் பழைய சிவப்புத் துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார்.

“கத்திரிக்கோல் இருக்காம்மா?”

துரை நிமிர்ந்து பார்த்தார். ரூபினி அவரைப் பார்த்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள்.