ஸ்பீக்கரில் மாமனார் குறட்டை

காது மூக்கு தொண்டை மருத்துவர் அன்று குறட்டையைப் பற்றிப் பேசவிருந்தார். நூலக அரங்கு நிறைந்துவிட்டது. உதாரணத்துக்கு அவர் வெளியே அலையவில்லை; மாமனாரின் குறட்டையையே லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தார். மாமியார்தான் கட்டிலருகே போனை வைத்துப் பதிவுசெய்து, "காலமெல்லாம் நான் படுற பாட்டை ஊரே கேக்கட்டும் மாப்ளே" என்று அனுப்பியிருந்தார். மாமனார் மறுத்துப் பார்த்தார், எடுபடவில்லை. இப்போது மனைவியோடு முதல் வரிசையில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒலியமைப்பு மச்சினியின் பொறுப்பு. அவள் தொழிலே அதுதான். லேப்டாப்பை நேராக மிக்ஸரில் செருகியதும் ஸ்பீக்கர்கள் 'கொர்ர்ர்' என்று இரைந்தன.

"அத்தான், சார்ஜர் வழியா இரைச்சல் ஏறுது. கழட்டுங்க."

"கழட்டினா லேப்டாப் செத்துடும். பேட்டரி போய் ஒரு வருஷமாச்சு."

"அப்ப டைரக்ட் பாக்ஸ் போட்டாத்தான் அடங்கும். வண்டியிலயே விட்டுட்டேன். எடுத்துட்டு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் மாட்டினால், வர வேண்டிய ஒலியை மட்டும் விட்டு இரைச்சலை வெட்டிவிடும் சின்ன இரும்புப் பெட்டி அது. அவள் ஓடினாள். கூட்டம் நெளிந்தது. மருத்துவருக்குப் பொறுமை இல்லை. பேசத் தொடங்கி, பதிவையும் ஓடவிட்டார். லேப்டாப்பின் ஒலி காலையிலிருந்தே அணைந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. மாமனாரின் குறட்டை இரைச்சலையே அமுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"எவ்வளவு சீரா வருது பாருங்க! சீரா வந்தா பயமில்ல. சட்டுனு நின்னாத்தான் ஆபத்து. மூச்சே நிக்குதுன்னு அர்த்தம்."

"இது நான் இல்ல," என்றார் மாமனார்.

"தூங்குறவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாமியார்.

மாமனார் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். அந்தச் சீரான கொர்ரில் அப்படியே அசந்தும் போனார்.

மச்சினி பெட்டியோடு குனிந்தபடி வந்து, மிக்ஸரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர்கள் ஊமையாயின.

"ஐயோ, மூச்சு நின்னுடுச்சே!" மாமியார் பாய்ந்து கணவரின் தோளை உலுக்கினார்.

"ஏண்டி உலுக்கற? உசுரோடதானே இருக்கேன்!"

"ஸ்பீக்கர்ல நின்னுடுச்சேங்க!"

அரங்கு வெடித்துச் சிரித்தது. மச்சினி லேப்டாப் வயரைப் பெட்டியில் செருகி, பெட்டியை மிக்ஸரோடு இணைத்து, அதன் பக்கவாட்டுச் சுவிட்சைத் தட்டினாள். துளி இரைச்சல் இல்லை. லேப்டாப்பின் ஒலியையும் ஏற்றினாள்.

இரும்புக் கட்டிலைத் தரையில் இழுப்பதுபோல் ஒரு குறட்டை கிளம்பியது. அதன் நடுவே மாமனாரின் குரல், நல்ல விழிப்போடு, தெள்ளத் தெளிவாக: "ஏம்மா, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படேன். கண்ணே அசர மாட்டேங்குது."

எல்லாத் தலைகளும் மாமியார் பக்கம் திரும்பின. மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பெட்டியில ஏதோ கோளாறு. முதல்ல நல்லாத்தானே இருந்துச்சு!" என்றார் மாமியார்.

"பெட்டி இரைச்சலைத்தாம்மா வெட்டும். ஆளை மாத்தாது," என்றாள் மச்சினி.

மருத்துவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பதிவில் குறட்டை திடீரென்று அறுந்து, நெடுநேரம் கழித்துத் திணறலோடு தொடங்கியதும் சிரிப்பை விட்டார். கூட்டம் கலைந்ததும் மாமியாரைத் தனியாக அழைத்துப் பேசினார்.

திங்கட்கிழமை இருவரும் மருத்துவமனைக்கு வந்தார்கள்.

"மாமாவுக்குத் துணைக்கு வந்தேன், அவ்வளவுதான்," என்றார் மாமியார்.

"சரி அத்தை. துணைக்கு வந்தவங்க முதல்ல வாயைத் திறங்க."