சாவிக்காரி

கடைசி எதிரியை வரைந்து கொடுக்க வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. செவ்வாய்க்கிழமை மதியம் வரை சுண்டு முப்பத்தொரு படம் வரைந்திருந்தாள். ஒன்றும் தேறவில்லை.

வீடியோ கேம் செய்யும் அலுவலகம் ஒன்றில் பாத்திரங்களை வரைவது அவள் வேலை. வீட்டில் கடைக்குட்டி என்பதால் ஒட்டிய பெயர் எப்படியோ அலுவலகம் வரை வந்துவிட்டது. இந்த விளையாட்டில் ஆடுகிறவர் ஏழு ஊர்களைக் கடந்து, வழியில் துணை சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் ஏற்றிக்கொண்டு, கடைசியில் ஒரு கோட்டையின் படிக்கட்டில் எதிரியைச் சந்திக்க வேண்டும். மற்றவர்களையெல்லாம் சுண்டு எப்போதோ முடித்துவிட்டாள். பொறாமைக்காரனுக்கு யாரோ ஒருவனின் சட்டை, ஒரு சுற்றுப் பெரிதாக. பயந்தாங்கொள்ளிக்கு அவனைவிட எடை கூடிய கவசம். துக்கத்தில் இருப்பவளுக்கு எல்லாப் பொத்தானும் ஒரு துளை தள்ளி மாட்டிய மேல்சட்டை. வாயைத் திறக்கும் முன்பே மனசு தெரிந்துவிட வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருந்தாள்.

கடைசி எதிரியிடம் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியாகவில்லை. கொம்பு வைத்தாள், எடுத்தாள். இறக்கை வைத்தாள். முகமே இல்லாமல் விட்டாள்.

இயக்குநர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இதைப் பாத்தா யாரும் பயப்பட மாட்டாங்க சுண்டு, கொட்டாவிதான் விடுவாங்க. பாத்ததும் வயித்தைப் பிசையணும்."

"யார் வயித்தை சார்?"

"முதல்ல உன் வயித்தை."

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மாடிப் படிகளையும் இறங்கி ஏறினாள். தேநீர் போட்டுக் குடிக்க மறந்தாள். பேனா முனையால் மேசையைத் தட்டித் தட்டிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். புதன்கிழமை பிற்பகல், எரிச்சலில், யோசிக்காமல் ஒரு தாளை இழுத்துக் கிறுக்கினாள்.

நெடுநெடுவென்று ஒரு பெண். கணுக்கால் வரை தொங்கும் கோட்டு. இடுப்பில் சாவிக்கொத்து. கைகள் முறம்போல் பெரியவை. தலை மட்டும் எங்கோ உயரத்தில் சின்னதாக. முகத்தில் நாடியும் மூக்குத் துளையும்தான் தெரிந்தன. வலது கைச் சட்டையை முழங்கை வரை ஈரமாக வரைந்து, நுனியில் ஒரு சொட்டு வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடிவயிற்றில் ஏதோ சுருண்டது.

இயக்குநர் பார்த்தார். மற்ற தாள்களை ஒதுக்கினார். "இவதான்" என்றார்.

சாவிக்காரி என்று பேர் வைத்தார்கள். உயிர் கொடுத்து நடக்கவிட்டு, வெளியாட்கள் பத்துப் பேரை வரவழைத்து விளையாட வைத்தார்கள். சாவிச் சத்தம் கேட்டதுமே ஒருவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். தாடி வைத்த ஒரு பெரிய மனிதர், "நான் ஏதோ தப்பு பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குங்க" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எல்லாரும் சுண்டுவின் தோளைத் தட்டினார்கள். தட்டத் தட்ட அவளுக்குள் ஏதோ அரித்தது. இந்தக் கைகளை எனக்குத் தெரியும் என்று தோன்றியது. யாருடையவை என்று கேட்டுக்கொள்ளத்தான் துணிவு வரவில்லை.

பதில் வந்தது, ஒரு மாதம் கழித்து, விளம்பரப் பிரிவுப் பெண் வாயிலிருந்து. "திங்கக்கிழமையிலருந்து சாவிக்காரி ஊரெல்லாம் சுத்தப் போறா. பஸ் பக்கவாட்டுல முழுசா ஒட்டறாங்க. ஆறு ரூட்."

"எந்தெந்த ரூட்?"

அவள் வாசித்தாள். நான்காவதாக வந்த எண், சுண்டுவின் அக்கா ஒன்பது வருஷமாக ஓட்டும் பஸ்.

அப்போதுதான் முகம் வந்து கைகளோடு சேர்ந்தது. சுண்டு தண்ணீர் குழாயடிக்குப் போய் நின்றாள். அம்மா போனபோது அவளுக்கு மூன்று வயது. வளர்த்ததெல்லாம் அக்கா. அந்த அக்காவைத்தான் ஊரே பயப்படுகிற பேயாக்கி, அவள் ஓட்டுகிற வண்டியிலேயே ஒட்ட வைத்திருக்கிறாள்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் போனை எடுப்பதும் வைப்பதுமாகக் கழிந்தன. ஒருமுறை அக்கா எடுத்துவிட்டாள். "என்னடி?" என்றதும் சுண்டு, "சும்மாதான்க்கா" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் பஸ் பணிமனைக்கு ஓடினாள். எப்படியாவது முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். முந்த முடியவில்லை. அக்கா சீருடையில், டயரைப் பார்க்கிற அதே பார்வையோடு, படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வா" என்றாள் திரும்பாமல். "உன் கைதானே இது? கோடு போட்ட விதத்துலயே தெரியுது."

"அக்கா, வேணும்னு செய்யல. தானா வந்துடுச்சு."

"தானா வந்ததுதான் நிஜம்." அக்கா படத்தின் கையைத் தொட்டாள். "இவ்வளவு பெருசாவா இருந்துச்சு என் கை?"

பிறகு படத்தின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"நாடி தெரியுது, கண்ணு தெரியல. இடுப்புயரத்துல நின்னு அண்ணாந்து பாத்தா இப்படித்தான் தெரியும். அஞ்சு வயசுல நீ நின்ன இடத்தை விட்டு இன்னும் நகரலடி நீ." அக்காவின் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் தேவலை. "சாவி சரி. பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன். திறந்து போட்டா நீ ரோட்டுக்கு ஓடுவ. ரெண்டு தடவை ஓடின. அடிச்சதும் உண்டு, இல்லைன்னு சொல்லல. இந்த ஈரக் கை எதுக்கு?"

"தெரியல. காலையில அந்தக் கை என் கன்னத்துல படும். ஜில்லுனு இருக்கும். பயமா இருக்கும்."

அக்கா அப்போதுதான் திரும்பினாள். "நீ தினமும் படுக்கையை நனைப்ப. இன்னொரு தடவை நனைச்சா எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவேன்னு அப்பா சொல்லியிருந்தாரு. அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள அலசிப் பிழிஞ்சு, அடுப்புக்கிட்ட காயப்போட்டுட்டு வந்து உன்னை எழுப்புவேன். சட்டையை மாத்திக்க நேரம் இருக்காது."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"யார்கிட்ட? உன்கிட்டயா? எனக்கே அப்போ பதினேழு வயசு." அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாச்சு. வரதுன்னா ஏறு."

சுண்டு ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பைக்குள்ளிருந்து தாளை எடுத்து அக்காவின் முகத்தை வரையப் பார்த்தாள். வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் பார்த்த முகம், நேருக்கு நேர் எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் தெரிந்த கண்களைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டாள். பஸ் குலுங்கியது, கோடும் குலுங்கியது. மூன்றாவது நடையில், சிக்னலில் நின்றபோது, அக்கா எட்டிப் பார்த்து, "மூக்கு அவ்வளவு சப்பையா?" என்றாள். வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்றபோது சுண்டு கேட்டாள்.

"பதினேழு வயசு போட்டோ ஏதாவது இருக்கா?"

"யார் எடுப்பா?"

ஆகவே, இருக்கிற முகத்திலிருந்து வருஷங்களைக் கழித்துக் கழித்து வரைந்தாள். ஐந்து நாள் பிடித்தது. பிறகு அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள்.

"சாவிக்காரியை மாத்த வேண்டாம் சார். பாக்கற இடத்தை மாத்தணும். ஆடறவங்க படி ஏற ஏறக் கேமராவும் உயரட்டும். கை சின்னதாகிட்டே வரட்டும். கடைசிப் படியில மூஞ்சி நேரா தெரியணும்." படத்தை மேசைமேல் வைத்தாள். அளவு பொருந்தாத கோட்டுக்குள் தூக்கம் கெட்ட ஒரு பெண்பிள்ளை, அரைக்கண்ணால் பின்பக்கத்துக் கதவைக் கவனித்தபடி நின்றாள்.

இயக்குநர் தலையைச் சொறிந்தார். "இவளை எவன் அடிப்பான்? ஐம்பது மணி நேரம் விளையாடிட்டு வரவனுக்குக் கடைசியில சண்டை வேணும் சுண்டு."

"அடிக்கறவங்க அடிக்கட்டும். அடிக்காதவங்களுக்கும் ஒரு வழி வைங்க. போன தடவை வயித்தைப் பிசையணும்னீங்க, பிசைஞ்சுச்சு. ஆனா அது பாதிதான் சார்."

இழுபறி இரண்டு வாரம் நடந்தது. நிரலாளர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் செய்து பார்த்தார்கள். மறுபடி பத்துப் பேர் வந்தார்கள். நாலு பேர் கடைசிப் படியில் வாளைத் தாழ்த்தினார்கள். ஐந்து பேர் வெட்டினார்கள். அதில் ஒருவர் வெட்டிவிட்டு, பழைய இடத்திலிருந்து மறுபடி ஆட முடியுமா என்று கேட்டார். ஒருவர் ஒன்றும் செய்யாமல் வெகுநேரம் நின்றார். இயக்குநர், "சரி, இருக்கட்டும்" என்றார்.

சுண்டு அந்த முகத்தை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். சமையலறையில், உள்ளறையில் அப்பாவின் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க, அக்கா கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் பயந்துக்கிட்டுதான் இருந்தேன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. வரையறப்போ வந்துச்சு."

அக்கா தாளை நான்காக மடித்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள். "அப்பாகிட்ட காட்டாத" என்றாள் மெதுவாக.

விளையாட்டு வெளிவந்தது, பரவலாக ஓடியது. அக்கா அதைத் தொடவேயில்லை. பஸ்ஸில் ஒட்டியிருந்த சாவிக்காரி இரண்டு மாதம் ஊர் சுற்றினாள். இது யார் என்று கேட்ட பயணிகளிடம் அக்கா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொன்னாள் என்று பணிமனையில் சொல்லிச் சிரித்தார்கள். என்னென்ன பதில் என்று கேட்டுவிடச் சுண்டு பலமுறை வாயெடுத்தாள். இன்னும் கேட்கவில்லை.